பழைய வானளாவியை மீட்பது எப்படி: சுவர் ஆய்வு முதல் அக்கம்பக்கத்துக் கூட்டம் வரை

1890களிலிருந்து 1930கள் வரை எழுந்த வானளாவிகளைப் பற்றியது இந்த வழிகாட்டி. எஃகுச் சட்டகம் பாரத்தைத் தாங்கும். செங்கல், சுண்ணாம்புக்கல், மெருகிட்ட டெரகோட்டா (சுட்ட களிமண் துண்டுகள்) ஆகியவை அதன் மேல் போர்த்தப்பட்டிருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது கனத்த கோட்டைச் சுவர். கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தப் போர்வை ஒவ்வொரு தளத்திலும் ஓர் எஃகு ஆங்கிளின் (L வடிவ எஃகுப் பட்டையின்) மேல் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கொக்கிகளால் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும்.

இந்த வேலை பெரும்பாலும் இரண்டு இடங்களில் கெடுகிறது. தண்ணீர் போகும் வழியைக் கண்டுபிடிக்காமல் வெளித்தோற்றத்தை மட்டும் சரிசெய்வது ஒன்று. அக்கம்பக்கத்துக் கூட்டத்தில் யார் கையிலும் சரியான அளவு இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் பேசுவது இன்னொன்று. இரண்டையும் தடுக்கக்கூடியது முழுமையான சுவர் ஆய்வும், அதை மறைக்காமல் ஊர் முன் வைப்பதும்தான். ஆய்வு வரைபடம் கைக்கு வருவதற்கு முன் ஒப்பந்ததாரரையும் கூப்பிடாதீர்கள், கூட்டத்தையும் கூட்டாதீர்கள்.

சுவருக்குள் என்ன நடக்கிறது

துருப்பிடித்த எஃகு, தான் இழந்த உலோகத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். ஆங்கிளுக்கும் டெரகோட்டாவுக்கும் நடுவே அந்த இடம் கிடையாது. அதனால் துரு போர்வையை வெளியே தள்ளுகிறது, மெருகு வெடிக்கிறது, வெடிப்பு வழியே இன்னும் தண்ணீர் இறங்குகிறது.

இதோடு இன்னொரு விசையும் சேர்கிறது. சுட்ட மண் காலப்போக்கில் ஈரத்தை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். எஃகுத் தூண்கள் பாரத்தால் சற்றே சுருங்கும். அந்தக் காலத்துச் சுவர்களில் விரிவுக்கான இடைவெளி விடப்படவில்லை; ஆங்கிளுக்கு அடியிலும் கலவையை இறுக்கி அடைத்திருப்பார்கள். ஆகவே சட்டகம் தாங்க வேண்டிய பாரத்தில் ஒரு பகுதி போர்வைக்கு வந்துவிடுகிறது. மூலைத் தூண்களில் மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட வெடிப்பைக் கண்டால் முதலில் இந்தச் சந்தேகமே வர வேண்டும்.

எங்கே தேடுவது? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொடங்குங்கள். மழையும் காற்றும் அதை இரு பக்கமும் தாக்குகின்றன. அடுத்தது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலங்கார விளிம்பான கார்னிஸ். பிறகு மூலைத் தூண்கள், ஜன்னல் லிண்டல்கள், சுவருக்குள் புதைத்த மழைநீர்க் குழாய்கள்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை என்பதை நகரங்கள் உயிரைக் கொடுத்துத்தான் கற்றன. சிகாகோவில் 1974லும் நியூயார்க்கில் 1979லும் முகப்பிலிருந்து விழுந்த துண்டுகளால் பாதசாரிகள் இறந்தார்கள். 1980ல் நியூயார்க் முகப்பு ஆய்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று அங்கே ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்தாக வேண்டும். முடிவு மூன்று வகை: பாதுகாப்பானது, குறித்த காலத்துக்குள் பழுதுபார்த்தால் பாதுகாப்பானது, ஆபத்தானது. உங்கள் நகரத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் இந்த மூன்று வகைகளையே பயன்படுத்துங்கள். கூட்டத்தில் பேசும்போது எல்லோருக்கும் புரியும்.

ஆய்வு செய்யும் முறை

முதலில் பழைய வரைபடங்களைத் தேடுங்கள். டெரகோட்டா தொழிற்சாலைகள் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு வரைபடம் தயாரித்தன. பல துண்டுகளின் பின்பக்கத்தில் அந்த எண் இன்றும் இருக்கும். நகராட்சி ஆவணக் காப்பகம், கட்டடக் கலைஞரின் தாள்களைப் பெற்றுக்கொண்ட நூலகம் அல்லது பல்கலைக்கழகம், கட்டடத்தின் சொந்த பாய்லர் அறை என எல்லா இடத்திலும் பாருங்கள். வரைபடம் கிடைக்காவிட்டால் நான்கு முகப்பையும் அளந்து, ஒவ்வொரு துண்டும் தெரியும்படி புதிதாக வரைய வேண்டும்.

ட்ரோன் படம் உதவும், ஆனால் போதாது. தொங்கு மேடையிலோ கயிற்றிலோ இறங்கி ஒவ்வொரு துண்டையும் மரச் சுத்தியால் தட்டியாக வேண்டும். நல்ல துண்டு கணீரென்று மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே உடைந்தது ‘பொத்’தென்று அடங்கிவிடும். வெளிமெருகில் கீறல்கூட இல்லாமல், உட்குழியைப் பிரிக்கும் உள்தடுப்புகள் உடைந்துபோன துண்டுகளைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. தட்டும் ஆளும் குறிப்பவரும் ஒரே மேடையில் இருக்கட்டும். மெருகு நுண்வெடிப்பு, மெருகு உதிர்வு, ஆழ வெடிப்பு, இடம்பெயர்வு, காணாமல்போன துண்டு, தவறான பழைய ஒட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடும் ஒரு நிறமும் வைத்து அங்கேயே வரைபடத்தில் பதிய வேண்டும். மாலையில் அலுவலகத்துக்கு வந்து நினைவிலிருந்து எழுதிய ஆய்வை நம்பாதீர்கள்.

அடுத்து சுவரைத் திறந்து பார்ப்பது. மோசமான இடத்தை மட்டும் திறந்தால் செலவுக் கணக்கு வீங்கும், நல்ல இடத்தை மட்டும் திறந்தால் கணக்கு ஏமாற்றும். மோசமானது, நடுத்தரமானது, நன்றாகத் தெரிவது என மூன்று வகையிலும், நான்கு திசையிலும், கைப்பிடிச் சுவரிலும் திறக்க வேண்டும். ஒவ்வொரு திறப்பும் சுமார் 60 செ.மீ. சதுரம். கலவையை உளியால் எடுத்து ஒரு துண்டை வெளியே இழுத்ததும் பெரும்பாலும் ஈர மண் வாசனை வரும். ஆங்கிளின் விளிம்பில் துரு புத்தகத் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக நிற்கும். விரல் பட்டால் உதிரும். அந்தத் தடிமனைப் பார்த்து எஃகு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். துருவைச் சுரண்டி எடுத்து, பளபளக்கும் உலோகம் தெரிந்த பிறகு காலிபரால் அளந்து பாருங்கள். முதலில் 10 மி.மீ. இருந்த ஆங்கிளில் 9 மிச்சமிருந்தால் சுத்தம் செய்து வண்ணம் பூசினால் போதும் என்று பொறியாளர் சொல்லக்கூடும். 7 மிச்சமிருந்தால் பாரக் கணக்கு போட்டுத்தான் பேச வேண்டும். கொக்கிகள் இருக்கின்றனவா, துண்டின் உட்குழியில் கலவை நிரப்பியிருக்கிறதா, பின்சுவர்ச் செங்கல் ஈரமாக இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூலைகளில் அழுத்தச் சோதனையும் வேண்டும். துண்டின் முகத்தில், நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் திரிபுமானியை ஒட்டி, சுற்றியுள்ள ஜாயிண்டுகளை அறுத்தால், அடைபட்டிருந்த அழுத்தம் விடுபட்டுத் துண்டு எவ்வளவு விரிகிறது என்பது தெரியும். இதைச் செய்யாமல் அழுத்தத்தில் இருக்கும் சுவரிலிருந்து ஒரு துண்டை உருவினால் அதன் பாரம் பக்கத்துத் துண்டுகளுக்குப் போகும். நேற்று நன்றாக இருந்தவை இன்று வெடிக்கும்.

பழுதுபார்க்கும் வரிசை

வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். கூரை, கைப்பிடிச் சுவர், கார்னிஸ் மேல்தகடு ஆகியவற்றில் நீரை நிறுத்தாமல் பத்தாவது மாடியில் புதுத் துண்டு வைப்பது வீண்செலவு.

அழுத்தம் உறுதியானால் அடுத்த வேலை தளர்வு ஜாயிண்ட். ஆங்கிளின் அடியில் கிடையாக ஓடும் கலவையை எடுத்துவிட்டு, சுமார் 10 மி.மீ. இடைவெளி விட்டு, உள்ளே நுரைக்கயிறு வைத்து, மேலே சீலன்ட் (இழுபடக்கூடிய அடைப்புப் பசை) இடுங்கள். சீலன்ட் மேல், கீழ் விளிம்புகளில் மட்டும் ஒட்ட வேண்டும். பின்னாலும் ஒட்டினால் இழுபட முடியாமல் கிழியும். ஆழம் அகலத்தில் பாதி அளவு. ஆங்கிளின் மேல்பக்கம் நீரை வெளியே திருப்பும் தகடும் வடிதுளைகளும் வரும், துளைக்குத் துளை சுமார் 60 செ.மீ. இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: வேலையை நேர்த்தியாக முடிக்கிறேன் என்று வடிதுளைகளையும் சேர்த்து சீலன்ட் போட்டு அடைப்பது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஆங்கிளின் மேல் தேங்கும். சில ஆண்டுகளில் பழைய கதை திரும்பும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு தளத்திலும் துளைகளில் கம்பி விட்டுப் பார்க்கட்டும்.

எஃகைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, அன்றைக்கே துத்தநாகம் கலந்த முதல் பூச்சு, பிறகு எபாக்ஸி. புதுக் கொக்கிகள் துருப்பிடிக்காத எஃகில், 304 அல்லது 316 தரத்தில் இருக்க வேண்டும். அவை பழைய கார்பன் எஃகை நேரடியாகத் தொட்டபடி ஈரத்தில் கிடந்தால் பழைய எஃகு வேகமாக அரித்துப்போகும். நடுவே பிரிப்புத் துண்டு வைக்க மறக்காதீர்கள்.

கலவையில்தான் நல்ல கட்டடங்கள் அதிகம் கெட்டுப்போயின. கல்லுக்கும் செங்கலுக்கும் நடுவில் விட்டுக்கொடுக்க வேண்டியது கலவை. அதை வெறும் சிமென்ட்டாக இறுக்கிப் போட்டால் விட்டுக்கொடுப்பது செங்கலும் மெருகும்தான். முதலில் பழைய கலவையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, பிணைப்புப் பொருள், மணலின் பருமன், நிறம் மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மென்மையான செங்கலுக்கு சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:2:9 என்ற அளவிலும், டெரகோட்டாவுக்கும் மழை அதிகம் படும் இடங்களுக்கும் 1:1:6 வரையிலும் போவது வழக்கம். அதற்கு மேல் சிமென்ட் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். பழைய கலவையை ஜாயிண்ட் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு ஆழம் எடுக்க வேண்டும், அதாவது 10 மி.மீ. ஜாயிண்டுக்கு 25 மி.மீ. செங்குத்து ஜாயிண்டில் கிரைண்டர் கூடவே கூடாது. டெரகோட்டா ஜாயிண்ட் குறுகலானது. தட்டு ஒரு நொடி நழுவினாலும் மெருகின் விளிம்பு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கையுளி, சின்னக் காற்றுளி போதும். ஜாயிண்டை நனைத்து, 6 மி.மீ. அடுக்குகளாக அழுத்தி நிரப்பி, கட்டைவிரல் தடம் லேசாகப் பதியும் பதத்தில் இழைத்து முடியுங்கள். மூன்று நாளாவது ஈரம் காக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

துண்டுகளை மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேளுங்கள்: இதை அப்படியே வைக்க முடியுமா? உள்ளங்கை அளவு மெருகு உதிர்ந்திருந்தால் ஒட்டுவேலையும் காற்றுவிடும் வண்ணப்பூச்சும் போதும். வெடித்தாலும் இடம்பெயராத துண்டைத் துருப்பிடிக்காத எஃகுத் தண்டால் பிணைக்கலாம். உள்தடுப்பு உடைந்ததும் துரு பிளந்ததும் மட்டுமே மாற்றத்துக்குரியவை.

புதுத் துண்டை கலிஃபோர்னியாவில் 1875லிருந்து இயங்கும் கிளாடிங் மெக்பீன், நியூயார்க் மாநிலத்தின் பாஸ்டன் வேலி போன்ற சில தொழிற்சாலைகளே செய்கின்றன. களிமண் காய்ந்து சுடும்போது சுருங்கும் என்பதால் அச்சு பெரிதாக இருக்க வேண்டும். பழைய துண்டின் அளவையே அச்சுக்குக் கொடுத்தால் வருவது சின்னதாக இருக்கும். நிறத்தை ஒரே ஒரு மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டாம். நூறு ஆண்டு மழையில் நின்ற முகப்பில் வெள்ளை என்பது நான்கைந்து வெள்ளைகள். மாதிரிகளைச் சுத்தம் செய்த சுவருக்குப் பக்கத்தில், வெயிலிலும் நிழலிலும், நனைத்தும் பாருங்கள். ஆர்டர் கொடுத்து துண்டு வந்து சேர மாதங்கள் ஆகும். சாரம் கட்டிவிட்டு ஆர்டர் கொடுப்பவர்கள் வெறும் சாரத்துக்கு வாடகை கட்டுகிறார்கள்.

மாற்றுப்பொருள் பேச்சு நிச்சயம் வரும். கான்கிரீட் வார்ப்பு, கண்ணாடிநார் சேர்த்த கான்கிரீட், கண்ணாடிநார் பிளாஸ்டிக் எல்லாமே சீக்கிரம் கிடைக்கும். 1913ல் முடிந்த நியூயார்க்கின் வுல்வொர்த் கட்டடத்தில் 1970களின் இறுதியில் தொடங்கிய மீட்பில் ஆயிரக்கணக்கான டெரகோட்டா துண்டுகளுக்குப் பதில் கான்கிரீட் வைத்தார்கள். புதுப்பொருள் டெரகோட்டாவைப் போல வெளுப்பதில்லை, அதேபோல விரிந்து சுருங்குவதும் இல்லை. பிளாஸ்டிக் என்றால் தீயும் கணக்கில் வரும். தெருவிலிருந்து நெடுந்தொலைவில், பாரம் குறைக்க வேண்டிய கார்னிஸில் ஒப்புக்கொள்ளலாம். கண்மட்டத்தில் வேண்டாம். காணாமல்போன சிற்பத்துக்குப் படமோ வரைபடமோ இல்லையென்றால் கற்பனையில் செதுக்காதீர்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு நின்றுவிட வேண்டும் என்பது 1964ன் வெனிஸ் சாசனம் வகுத்த விதி.

கழுவுவதில் மெதுவான முறையிலிருந்து தொடங்குங்கள்: வெதுவெதுப்பான நீர், நடுநிலைச் சோப்பு, இயற்கை நார்த் தூரிகை. மணல் வீச்சு மெருகைத் தின்னும், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் அப்படியே. நீர்புகாப் பூச்சு பூசினால் கசிவு நிற்கும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மேலிருந்து இறங்கிய நீர் அந்தப் பூச்சுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மெருகைத் தள்ளும்.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயம்

மொத்தத் தொகை ஒப்பந்தம் போட்டால் சுவரைத் திறந்த ஒவ்வொரு வாரமும் தகராறு. மாற்றும் துண்டு ஒன்றுக்கு, ஆங்கிள் மீட்டர் ஒன்றுக்கு, ஜாயிண்ட் மீட்டர் ஒன்றுக்கு, கொக்கி ஒன்றுக்கு இவ்வளவு என்று விகிதம் பேசி, ஆய்வில் வந்த எண்ணிக்கையை உத்தேச அளவாகப் போடுங்கள். திறந்ததும் அளவு கூடும், குறையும், விகிதம் மாறாது. இந்தப் பட்டியல் கூட்டத்திலும் கைகொடுக்கும்.

அக்கம்பக்கத்துக் கூட்டத்தில்

முதல் வாதம் இடிப்பதா வைப்பதா என்பதாக இருக்கும். இடிக்க விரும்புபவர் பெரிய தொகையைச் சொல்வார், காக்க விரும்புபவர் சின்னத் தொகையைச் சொல்வார். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை துண்டுகளைத் தட்டினீர்கள், எத்தனை இடத்தில் திறந்தீர்கள்? பதில் இல்லாத தொகையைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். ‘உள்ளே பயன்படாத கட்டடம்’ என்ற பேச்சுக்கும் அளவே பதில். மின்விளக்கும் குளிர்சாதனமும் பெருகுவதற்கு முன் கட்டிய அலுவலகங்கள் வெளிச்சத்துக்காகக் குறுகலாகவோ நடுவே வெளிச்ச முற்றத்தோடோ இருக்கும். ஜன்னலிலிருந்து 8, 9 மீட்டருக்குள் எல்லா இடமும் அடங்கும். வீடாகவோ விடுதியாகவோ மாற்ற பிற்காலத்து அகன்ற தளங்களைவிட இவை வசதி. சிகாகோவின் ரிலையன்ஸ் கட்டடம் 1895ல் முடிந்தது. 1999ல் விடுதியாகத் திறந்தது. டெட்ராய்ட்டின் புக் டவர் 2009லிருந்து பூட்டிக் கிடந்தது. 2023ல் வீடுகளும் விடுதி அறைகளுமாக மீண்டும் திறந்தது. படிக்கட்டு, லிப்ட், தீத்தெளிப்பான் இவற்றுக்கான இடம்தான் உண்மையான சிக்கல். தள வரைபடத்தில் அவற்றைக் குறித்துக் கொண்டுபோங்கள்.

அடுத்தது பக்கத்து மனையில் எழும் புதுக் கோபுரம். மீட்புச் செலவை அதன் லாபத்திலிருந்து எடுப்பதாக உரிமையாளர் சொல்வார். பழைய கட்டடத்தின் மேல் மிச்சமிருக்கும் கட்டும் உரிமையை வேறு மனைக்கு மாற்ற சில நகரங்கள் அனுமதிக்கின்றன. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்ப மறுத்ததை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ல் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் இந்த மாற்று உரிமைக்கும் இடம் உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஊர் கேட்க வேண்டியது வரிசை. முகப்பு வேலை முடிந்து சான்று வந்த பிறகே புதுக் கோபுரத்தில் குடியேற அனுமதி என்று எழுத வேண்டும். பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டடம் கைமாறினாலும் நிபந்தனை பத்திரத்தோடு தொடர வேண்டும். இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத வாக்குறுதியால் பழைய கட்டடத்துக்கு ஒரு பயனும் இல்லை.

கோபுரத்துக்குத் தோண்டும் பள்ளமும் ஆபத்து. தோண்டுவதற்கு முன் பழைய கட்டடத்தின் எல்லா வெடிப்பையும் படமெடுத்து, அதிர்வை அளக்கும் மானி பொருத்துங்கள். ஜெர்மானியத் தரமான டிஐஎன் 4150, மென்மையான பழங்கட்டடங்களின் அடித்தளத்தில் குறைந்த அதிர்வெண் அதிர்வுக்கு நொடிக்கு 3 மி.மீ. என்ற வழிகாட்டு வரம்பைத் தருகிறது. வரம்பைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பெயரோடு எழுத வேண்டும். அதுவரை மானி வெறும் எண் காட்டும் பெட்டி. நிழலுக்கு மார்ச் 21, ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய நாட்களின் காலை 9, பகல் 12, மாலை 3 மணிப் படங்களைக் கேளுங்கள். ஜூன் நண்பகல் படத்தை மட்டும் காட்டினால், கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் நிழல் மிகக் குட்டையான நேரத்தைக் காட்டுகிறார்கள் என்று பொருள்.

வாடகைதான் மனிதர்களை நேரே தாக்கும் விஷயம். மீட்ட கட்டடம் தெருவை உயர்த்தும், கூடவே சுற்றுப்புற வாடகையையும் தூக்கலாம். இந்தப் பயத்தைச் சொல்பவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். பொதுப்பணம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் வருமானம் தரும் பதிவுபெற்ற பழங்கட்டடத்தை விதிப்படி மீட்டால் தகுதியான செலவில் 20% கூட்டரசு வரிச்சலுகை கிடைக்கிறது. இப்படிச் சலுகை எங்கே இருந்தாலும் பதிலுக்கு எத்தனை வீடுகள், எந்த வருமானத்தாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்று எண்களையும் கேட்க ஊருக்கு உரிமை உண்டு. தரைத்தளக் கடைகளுக்கும் இப்படியே: அதிகபட்ச முகப்பு அகலம் குறித்தால்தான் சிறு கடைகளுக்கு இடம் மிஞ்சும்.

பார்க்கிங் பேச்சு எங்கும் எழும்; பொருட்கள் இறக்கும் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்தால் பாதி அடங்கும். நடைபாதைப் பாதுகாப்புக் கூரைக்கு அதிக கவனம் வேண்டும். அது மாதக் கணக்கில் என்று தொடங்கி ஆண்டுக் கணக்கில் நின்றால் கீழே இருக்கும் கடைக்காரர்தான் இழக்கிறார். விளக்கு, கடைப் பலகை மறையாத உயரம், ஒவ்வொரு முகப்பிலும் கூரையை எடுக்கும் தேதி ஆகியவற்றை உரிமத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முன் மக்களை உள்ளே அழைத்துக் காட்டுங்கள். நிறம் போட்ட முகப்பு வரைபடத்தைச் சுவரளவுக்கு அச்சிட்டு மாட்டுங்கள். கழற்றிய உடைந்த துண்டு ஒன்றையும் துருத் தாள்களோடு ஆங்கிள் துண்டு ஒன்றையும் மேசையில் வையுங்கள். தொட்டுப் பார்த்தவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். பதில் தெரியாத கேள்விகளை எழுதிக்கொண்டு, பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

வேலை முடிந்த பின்

மழைநீர் வடிகால்களை ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்க்க வேண்டும். மிச்சத் துண்டுகளை எண்ணிட்டு உலர்ந்த அறையில் அடுக்குங்கள். அச்சுகள் யாரிடம் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். ஐந்தாம் ஆண்டில் மீண்டும் தட்டும்போது பழைய வரைபடத்தின் மேலேயே புது நிறத்தில் குறித்தால், எது பரவுகிறது, எது நின்றுவிட்டது என்பது உடனே தெரியும். வரைபடத்தின் ஒரு பிரதி கட்டடத்தில், ஒன்று நகராட்சிக் காப்பகத்தில், ஒன்று அந்தப் பகுதி நூலகத்தில் இருக்கட்டும்.